பழைய நீதிமன்றத் தண்டனை ஒன்று இருக்கும்போது பிரித்தானிய விசிட் வீசாவுக்கு விண்ணப்பிக்கலாமா?

நானுஓயாக்காரன் (செப்டெம்பர் 14)

அனைவருக்கும் வணக்கம். நானுஓயாவுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது குத்தகை நிலத்தில் கரட்டும் லீக்ஸும் பயிரிட்டு, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு லொறியில் அனுப்பிப் பிழைக்கிறேன். வயது 33. என் தங்கை பிரித்தானியாவில் தாதியாகப் பணியாற்றுகிறாள். வரும் சித்திரையில் அவளுக்கு முதற் குழந்தை பிறக்கவிருக்கிறது. அம்மாவை அழைத்துக்கொண்டு போய் ஆறு வாரம் உடனிருந்துவிட்டு வர விரும்புகிறேன். அம்மா பேராதனை வைத்தியசாலைக்கு மேல் தனியாகப் பயணம் செய்தவர் அல்லர். ஆகவே எனக்கு வீசா கிடைக்காவிட்டால் அவரும் போகமாட்டார்.

சிக்கல் இதுதான். 2014 மாசியில், எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடந்த ஓர் இரவில், மேற்பிரிவு இளைஞர்களுக்கும் கீழ்ப்பிரிவு இளைஞர்களுக்கும் கைகலப்பு ஏற்பட்டது. ஒருவருக்குத் தலையில் நான்கு தையல் போட வேண்டியதாயிற்று. எட்டுப் பேரைப் பொலிஸார் பிடித்தார்கள், நானும் ஒருவன். நான்கு நாள் விளக்கமறியலில் இருந்துவிட்டுப் பிணையில் வந்தேன். வழக்கு ஐந்து தவணை இழுத்தது. எங்களுக்காகத் தோன்றிய சட்டத்தரணி, "ஒப்புக்கொண்டால் இன்றோடு முடிந்துவிடும், தவணைக்குத் தவணை பெயர் இழக்க வேண்டியதில்லை" என்றார். (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பெயர், அதாவது நாட்கூலி, இல்லை என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.) எல்லாம் சிங்களத்தில் நடந்தது, நான் கூண்டில் நின்று தலையாட்டினேன். தண்டப்பணமும், காயமடைந்தவருக்கு ஐயாயிரம் ரூபாய் நட்டஈடும் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதன்பின் என்மீது எந்த வழக்கும் இல்லை. காயமடைந்தவர் இன்று என் லொறியில் மூட்டை ஏற்றுபவர்.

நகரத்திலுள்ள ஒரு பயண முகவரிடம் போனேன். விண்ணப்பத்தில் குற்றத் தண்டனை பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்றே போடுவோம், பதினோர் ஆண்டுக்கு முந்திய சண்டையை யார் தோண்டப் போகிறார்கள் என்றார் அவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதேவேளை, 'ஆம்' என்று போட்டால் விண்ணப்பத்தைப் படிக்காமலே தள்ளிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் வாய்ப்பு இருக்கிறதா? அதற்கு எந்தப் பத்திரங்களை இணைக்க வேண்டும்? பின்னொரு காலத்தில் கனடாவிலுள்ள மாமாவையும் இந்தியாவில் கோத்தகிரியிலுள்ள பெரியம்மாவையும் பார்க்கப் போகும் எண்ணம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


மழைக்காகிதம் (செப்டெம்பர் 14)

இலங்கைப் பொலிஸின் பழைய பதிவுகள் வெளிநாட்டுத் தூதரகங்களின் கணினியில் இல்லை. என் மச்சான் ஒருவர் 'இல்லை' என்று போட்டுப் போய்விட்டு வந்திருக்கிறார். அதோடு, விசிட் வீசாவுக்குப் பிரித்தானியா பொலிஸ் ரிப்போர்ட்டே கேட்பதில்லை. நீங்களாக ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும்?


பதுளை மைந்தன் (செப்டெம்பர் 15)

மேலே எழுதியவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை: சாதாரண விசிட் வீசாவுக்குப் பொலிஸ் ரிப்போர்ட் கேட்கமாட்டார்கள். சுகாதாரம், பராமரிப்பு, கல்வி போன்ற துறைகளில் வேலை வீசாவுக்குப் போகிறவர்களிடந்தான் அதைக் கேட்கிறார்கள். மற்றப் பாதியை நம்பித்தான் நான் கெட்டேன்.

2011இல் எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டுக்குப் பின்னால் கசிப்புப் போத்தல் இரண்டு இருந்ததாக என்னைப் பிடித்தார்கள். உண்மையில் அவை யாருடையவை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. தண்டப்பணம் கட்டினேன். 2016இல் அவுஸ்திரேலியாவுக்கு மாணவர் வீசா விண்ணப்பித்தபோது அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று எழுதினேன். அந்த விண்ணப்பம் பணக்கணக்குச் சரியில்லை என்று நிராகரிக்கப்பட்டது. தண்டனையைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2019இல் என் தம்பி மான்செஸ்டரில் பட்டம் பெற்றபோது, பட்டமளிப்பைப் பார்க்கப் பிரித்தானியாவுக்கு விண்ணப்பித்தேன். படிவத்தை நிரப்பியவர் முகவர். அவர் 'இல்லை' என்று தட்டினார். நான் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் விண்ணப்பதாரரின் கைரேகையைக் கொண்டு தகவல் பரிமாறிக்கொள்கின்றன. நான் ஒரு நாட்டில் 'ஆம்' என்றும் இன்னொரு நாட்டில் 'இல்லை' என்றும் சொன்னவனாக அகப்பட்டேன். நிராகரிப்புக் கடிதத்தில் 'ஏமாற்றும் நோக்கம்' என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டால் பத்து ஆண்டு தடை. எனக்கு 2029 வரை. கசிப்புப் போத்தலுக்காக எனக்கு இந்தத் தடை விழவில்லை; அதை மறைத்ததற்காக விழுந்தது.

முகவர் செய்த பிழை என்று முறையிட்டுப் பார்த்தேன். விண்ணப்பத்தின் இறுதியிலுள்ள உறுதிமொழி என் பெயரில் இருந்தது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. விசிட் வீசா நிராகரிப்புக்குப் பொதுவாக மேன்முறையீடும் கிடையாது. அந்த முகவர் இப்போதும் அதே மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கிறார்.

மச்சான் போய்விட்டு வந்ததைப் பற்றி ஒன்று: அவர் அடுத்த முறை வேறொரு நாட்டின் படிவத்தில் எதை எழுதினாலும், முன்பு எழுதியதோடு அது பொருந்த வேண்டும். வாழ்நாள் முழுவதும் அந்த 'இல்லை'யைக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.


பழைய பதிவறை (செப்டெம்பர் 17)

தம்பிக்கு வணக்கம். மலையகத்து நீதவான் நீதிமன்றங்களின் பதிவாளர் அலுவலகங்களில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். வீசா விதிகளை விட வழக்கேடுகளே எனக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் என் பிள்ளைகள் இருவர் வெளிநாட்டில் இருப்பதால் விதிகளையும் ஓரளவு படித்திருக்கிறேன்.

முதலில் பிரித்தானிய விதியின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவராயின், எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும் விசிட் வீசா மறுக்கப்படும். பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்த சிறைத்தண்டனையாயின், அது முடிந்து பன்னிரண்டு மாதம் கடந்திருக்க வேண்டும். தண்டப்பணம் போன்ற சிறையல்லாத தண்டனையாயின், தீர்ப்பு நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் கடந்திருக்க வேண்டும். இவற்றுக்கு வெளியே, திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர், பாரிய தீங்கு விளைவித்தவர் என்பன போன்ற தனி ஏற்பாடுகளும் உண்டு. நீங்கள் விவரித்தது உண்மையில் தண்டப்பணம் மட்டுமாயின், அந்தத் தீர்ப்பைக் கொண்டு உங்களைக் கட்டாயமாக மறுக்க வேண்டிய நிலை அதிகாரிக்கு இல்லை. பன்னிரண்டு மாதம் என்ன, பதினோர் ஆண்டு கடந்துவிட்டது. ஆனால் கேள்விக்கு 'ஆம்' என்றே பதிலளிக்க வேண்டும். காலம் கடந்த தண்டனைகளையும் சேர்த்துச் சொல்லும்படி படிவமே கேட்கிறது. காலாவதியான தண்டனையைச் சொல்லத் தேவையில்லை என்ற பிரித்தானியாவின் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தை யாராவது உங்களுக்கு எடுத்துக்காட்டினால் நம்பாதீர்கள். 2012 ஒக்டோபரிலிருந்து குடிவரவு விடயங்களில் அந்தச் சலுகை செல்லாது.

இனி என் துறைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, 'உண்மையில் தண்டப்பணம் மட்டுமாயின்' என்று நான் மேலே எழுத வேண்டியிருந்ததுதான். நீங்கள் எந்தப் பிரிவின் கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்டீர்கள் என்பதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். கூண்டில் நின்று தலையாட்டிய பலர் வெளியே வந்து என்னிடம், "ஐயா, எனக்கு என்ன தீர்ப்பு?" என்று கேட்டிருக்கிறார்கள். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, நீதிமன்ற மொழி விளங்காத தரப்பினர் உரைபெயர்ப்புக்கும், வழக்குப் பதிவின் மொழிபெயர்ப்புக்கும் உரித்துடையவர். அந்த உரிமையைக் கேட்டுப் பெற்றவர்களை என் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணலாம். காயம் விளைவித்தலுக்குரிய தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவும், ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவித்தலுக்குரிய 315ஆம் பிரிவும் பத்திரத்தில் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். விளைவில் இரண்டும் வெகுதூரம். அதேபோல, குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவின்கீழ், குற்றத்தீர்ப்பு அளிக்காமலே ஒருவரை எச்சரித்தோ நிபந்தனையின் பேரிலோ நீதவான் விடுவிக்கவும் முடியும். வீட்டுக்கு வந்தவரின் நினைவில் எல்லாமே 'காசு கட்டிவிட்டு வந்தேன்' என்றுதான் பதிந்திருக்கும்.

ஆகவே படிவத்தைத் திறப்பதற்கு முன் வழக்கேட்டைத் திறக்க வேண்டும். வழக்கு இலக்கம் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. தண்டப்பணப் பற்றுச்சீட்டு, பிணைப் பத்திரம், அழைப்பாணை ஆகியவற்றில் ஏதாவதொன்று அம்மாவின் தகரப்பெட்டியில் இருக்கலாம். இல்லையேல் உடன் குற்றஞ்சாட்டப்பட்ட எழுவரில் ஒருவரிடம் இருக்கும். எதுவும் அகப்படாவிட்டால், கைது செய்த பொலிஸ் நிலையத்திலிருந்து தொடங்க வேண்டும். இலக்கம் கிடைத்ததும், ஒரு சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (நீதிமன்றத்திடம் ஒன்றைக் கோரும் மனு) தாக்கல் செய்து, குற்றச்சாட்டுப் பத்திரம், குற்றத்தை ஒப்புக்கொண்ட நாளின் நடவடிக்கைக் குறிப்பு, தண்டனைக் கட்டளை ஆகிய மூன்றுக்கும் உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள். "வழக்கு முடிந்துவிட்டது" என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும். மலையகத்து ஈரம் காகிதத்தைத் தின்னும். 2014ஆம் ஆண்டுக் கட்டு மழை ஒழுகும் பக்கத்து அலுமாரியில் இல்லாதிருக்க வேண்டுமென வேண்டிக்கொள்ளுங்கள். ஏடே இல்லையென்றால், தேடியும் கிடைக்கவில்லை என்று பதிவாளரின் கடிதத்தைப் பெற்று, உங்களுக்குத் தெரிந்ததைச் சத்தியக்கடதாசியில் எழுதிக் கொடுக்கலாம்.

பிரதி கிடைத்தவுடன் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நம்மவர் விடயத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, பொலிஸார் காதில் விழுந்தபடி சிங்களத்தில் எழுதிய மூன்றாவது என்று இருப்பது வழமை. வேறுபாடு இருந்தால் மூன்றும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்துவிடுங்கள். அதன்பின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், திகதி, தொடர்பு விவரம், மொழிபெயர்ப்புச் சரியானது என்ற உறுதி ஆகியன அதில் இருக்க வேண்டும். பயணத் திகதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னதாக வீசா விண்ணப்பம் கொடுக்க முடியாது. சித்திரைப் பயணமென்றால் தையிலிருந்துதான். உங்களுக்குக் காலம் உண்டு.


இரண்டாம் வளைவு (செப்டெம்பர் 18)

ஐயா எழுதியதோடு கனடாப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். என் அண்ணன் அதில் அடிபட்டவர். 2019இல் நுவரெலியா வசந்த காலத்தில், மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியதற்காகப் பிடிபட்டுத் தண்டப்பணம் கட்டினார். சாரதி அனுமதிப்பத்திரமும் சில காலம் நிறுத்தி வைக்கப்பட்டது. நம் ஊரில் இதை யாரும் குற்றம் என்றே பேசுவதில்லை. கனடாவில் 2018 டிசம்பர் 18 முதல் அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டாக உயர்த்தப்பட்டதால், அது பாரதூரமான குற்றங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. அண்ணனுக்கு வீசா மறுக்கப்பட்டது.

கனடா பார்க்கும் முறை பிரித்தானியாவின் முறை அன்று. இலங்கையில் உங்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதைவிட, அதே செயலைக் கனடாவில் செய்திருந்தால் அந்நாட்டுச் சட்டத்தில் அது எந்தக் குற்றம், அதற்கு அதிகபட்சத் தண்டனை என்ன என்பதையே முதலில் பார்ப்பார்கள். சாதாரணத் தாக்குதலுக்கு அங்கே அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ஆயுதத்தால் தாக்கியதற்கும் உடற்காயம் ஏற்படுத்தியதற்கும் பத்து ஆண்டு. பத்து ஆண்டுக்குக் குறைந்த அதிகபட்சத் தண்டனையுள்ள ஒரேயொரு குற்றமாயின், தண்டனை முழுவதும் முடிந்து பத்து ஆண்டு கடந்தபின் நீங்கள் சீர்திருந்தியவராகக் கொள்ளப்படலாம். தனி விண்ணப்பம் வேண்டியதில்லை. அதிகபட்சத் தண்டனை பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஆனால் எத்தனை ஆண்டு போனாலும் தானாக அந்த நிலை வராது. தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுக்குப் பின், சீர்திருந்தியதை ஏற்கும்படி தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இதனால்தான் 314ஆ 315ஆ என்று ஐயா கேட்பது உங்கள் மாமாவைப் பார்க்கும் பயணத்தையே முடிவு செய்யக்கூடிய கேள்வி. தையல் நான்கு போட்ட காயம் என்பதால் பிரிவு 314 ஆனாலும் அதிகாரி விவரத்தை ஊன்றிப் பார்ப்பார். அப்போது வைத்தியசாலை அறிக்கையும் உதவும், கேட்டு வாங்கி வையுங்கள். தண்டப்பணம் என்றால் அதைக் கட்டிய நாளிலிருந்தே காலம் எண்ணப்படும், பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று: கனடாப் படிவம் தண்டனையை மட்டும் கேட்பதில்லை. கைது செய்யப்பட்டீர்களா, குற்றஞ்சாட்டப்பட்டீர்களா என்றும் கேட்கிறது. அமெரிக்கப் படிவமும் கைதைப் பற்றிக் கேட்கிறது. பொதுமன்னிப்புப் பெற்றிருந்தாலும் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு நாட்டின் படிவத்துக்குச் சரியான பதில் இன்னொரு நாட்டின் படிவத்துக்கு அப்படியே பொருந்தாது. கேள்வியின் சொற்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பதிலளியுங்கள். கனடாவிடம் பொய் சொல்லி அகப்பட்டால் ஐந்து ஆண்டு தடை.


கோத்தகிரி பேத்தி (செப்டெம்பர் 18)

இந்தியாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் போனவர்களின் பிள்ளைகள் நாங்கள். நீலகிரியிலும் நுவரெலியாவிலும் குடும்பம் பாதிப் பாதியாக இருப்பதால் வருடத்துக்கு ஒரு முறையாவது யாராவது போய் வருகிறோம். இந்திய இ-வீசாப் படிவத்திலும், எந்த நாட்டு நீதிமன்றத்தாலாவது கைது, வழக்கு, தண்டனைக்கு உள்ளானீர்களா என்ற கேள்வி உண்டு. 'ஆம்' என்றால் விவரம் எழுத இடம் தருவார்கள். என் சித்தப்பா தோட்டப் போராட்டம் ஒன்றில் கைதானவர். அதை இரண்டு வரியில் எழுதினார், வீசா கிடைத்தது. எல்லோருக்கும் அப்படிக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை.


நானுஓயாக்காரன் (நவம்பர் 9)

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். பழைய பதிவறை ஐயா சொன்னபடியே நடந்தது. நான்கு முறை நடந்தேன். தண்டப்பணப் பற்றுச்சீட்டு என்னிடம் இல்லை. காயமடைந்தவர், நான் அவருக்குக் கட்டிய நட்டஈட்டுக்கான துண்டை இத்தனை ஆண்டும் பத்திரமாக வைத்திருந்தார். அதில் வழக்கு இலக்கம் இருந்தது. என் லொறிக்குள் உட்கார்ந்து அதை என்னிடம் நீட்டியபோது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிரதியை மொழிபெயர்ப்பாளர் வாசித்துச் சொன்னார். பிரிவு 314தான். ஆனால் தண்டனைக் கட்டளையில் தண்டப்பணத்துக்கும் நட்டஈட்டுக்கும் முன்னால் இன்னொரு வரி இருக்கிறது: மூன்று மாதச் சாதாரண சிறைத்தண்டனை, ஐந்து ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அப்படியொன்று எனக்கு விதிக்கப்பட்டது என்பதைப் பதினோர் ஆண்டுக்குப் பிறகு ஒரு மொழிபெயர்ப்பாளரின் மேசையில்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஐந்து ஆண்டுக்குள் நான் இன்னொரு சண்டையில் அகப்பட்டிருந்தால், ஏன் சிறைக்குப் போகிறேன் என்பதே விளங்காமல் போயிருப்பேன். முகவர் சொன்னபடி 'இல்லை' என்று போட்டிருந்தால் பொய். என் நினைவை நம்பி 'ஆம், தண்டப்பணம் மட்டும்' என்று எழுதியிருந்தாலும் பிழையாகியிருக்கும்.

பெயரும் ஐயா எழுதியது போலவே. கடவுச்சீட்டில் உள்ள என் பெயர் வழக்கேட்டில் இல்லை. அப்பாவின் பெயர் முன்னாலும் என் பெயரின் பாதி பின்னாலும் இருக்கின்றன.

இப்போது என் கேள்வி: இந்த ஒத்திவைத்த தண்டனையால் என் நிலை மோசமாகிவிட்டதா?


பழைய பதிவறை (நவம்பர் 9)

பிரித்தானியாவைப் பொறுத்தவரை இல்லை, தம்பி. அந்த மூன்று மாதத்தைச் சிறைத்தண்டனையாக எண்ணினாலும், எண்ணாவிட்டாலும், அது பன்னிரண்டு மாதத்துக்கு வெகுவாகக் குறைந்தது. ஒத்திவைத்த காலமும் 2019இல் முடிந்துவிட்டது. எந்தக் கணக்கிலும் நீங்கள் கட்டாய மறுப்பின் வரம்புக்கு வெளியே நிற்கிறீர்கள். படிவத்தில் தண்டனையின் விவரம் கேட்கும் இடத்தில் மூன்றையும் எழுதுங்கள்: ஒத்திவைத்த சிறைத்தண்டனை, தண்டப்பணம், நட்டஈடு.

இணைக்கும் விளக்கக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நடந்ததைத் திகதியோடு சொல்லுங்கள், தண்டனையைக் கட்டளையில் உள்ளபடியே எழுதுங்கள், அதன்பின் வழக்கு ஏதும் இல்லை என்று முடியுங்கள். மேற்பிரிவார் முதலில் அடித்தார்கள், சட்டத்தரணி ஒப்புக்கொள்ளச் சொன்னார் என்றெல்லாம் எழுதப் போகாதீர்கள். ஒப்புக்கொண்டு தீர்ந்த வழக்கை அதிகாரி மீண்டும் விசாரிக்கப் போவதில்லை. கோயில் தலைவர் முதல் பிரதேச சபை உறுப்பினர் வரை பத்துப் பேரிடம் நற்சான்றிதழ் வாங்கி அடுக்குவதும் வேண்டாம். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் ஒன்று போதும்.

உண்மையில் உங்கள் விண்ணப்பத்தில் நான் அஞ்சுவது வேறு இடம். நம்மவரின் விசிட் வீசாக்கள் தண்டனையால் மறுக்கப்படுவதைவிட, திரும்பி வருவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வராததால் மறுக்கப்படுவதே அதிகமாக என் காதுக்கு எட்டுகிறது. லயத்து வீட்டுக்கு உறுதிப்பத்திரம் இல்லை. காட்டுவதற்குக் காணி இல்லை. உங்களிடம் குத்தகை ஒப்பந்தம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவு இருக்கும், லொறியின் பதிவுப் புத்தகம் இருக்கிறது, தம்புள்ளையில் விற்ற கணக்கு வங்கிக்கு வந்து போகிறது. இவற்றைத் திரட்டுங்கள். விண்ணப்பத்துக்கு முந்திய வாரம் யாரிடமாவது கடன் வாங்கி வங்கியில் ஒரு பெருந்தொகை போட்டுவிட்டு நிற்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத பணம் இல்லாத பணத்தைவிடக் கெடுதல். தங்கை செலவை ஏற்பதாயின் அவரது சம்பளப் பத்திரமும் வங்கிக்கூற்றும் வேண்டும்.


இரண்டாம் வளைவு (நவம்பர் 10)

கனடாவுக்கு இது சற்று வேறு. தண்டனை முடிந்த நாள் எது என்பதில் இப்போது இரண்டு கணக்குக்கு இடம் வந்துவிட்டது: தண்டப்பணம் கட்டிய 2014 என்று எண்ணினால் பத்து ஆண்டு கடந்துவிட்டது, ஒத்திவைத்த காலம் முடிந்த 2019 என்று எண்ணினால் 2029 வரை காத்திருக்க வேண்டும். நானாக இருந்தால் பிந்திய நாளை வைத்தே நடப்பேன். மாமாவை அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தால், ஐந்து ஆண்டு கடந்தவர்களுக்குரிய தனி விண்ணப்பத்தை அங்கே உரிமம் பெற்ற ஒருவரைக் கொண்டு கொடுப்பேன். பிரித்தானியாவுக்கு எழுதிய விளக்கக் கடிதத்தின் பிரதியையும் எடுத்து வையுங்கள். இரண்டு நாட்டுக்கும் நீங்கள் சொல்வது ஒரே சொல்லாக இருக்க வேண்டும்.


நானுஓயாக்காரன் (நவம்பர் 10)

இருவருக்கும் நன்றி. விளக்கக் கடிதத்தின் முதல் வாக்கியத்தை இப்படி எழுதியிருக்கிறேன்: "2014ஆம் ஆண்டில் எனக்கு 22 வயதாக இருந்தபோது, எனது தோட்டத்தில் நடந்த ஒரு கைகலப்பில் ஒருவருக்குக் காயம் விளைவித்த குற்றத்தை நீதவான் முன் ஒப்புக்கொண்டேன், அதற்கு எனக்கு விதிக்கப்பட்ட மூன்று தண்டனைகளும் இத்துடன் இணைத்துள்ள கட்டளையின் இரண்டாம் பக்கத்தில் உள்ளன." இதற்குக் குறைத்துச் சொல்ல முடியவில்லை, கூட்டிச் சொல்லவும் ஒன்றுமில்லை.

பெயர் பற்றிய சத்தியக்கடதாசிக்கு நாளை காலை சமாதான நீதவான் வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் பிறப்புச் சான்றிதழையும் கையோடு எடுத்துப் போகிறேன். அவருடைய பெயரும் அடையாள அட்டையில் வேறாகத்தான் இருக்கிறது.